டிக் டிக் சத்தம் போட்ட பழைய ஹார்டு டிஸ்க்

மதர்போர்டு போன லேப்டாப்பிலிருந்து 500 ஜிபி ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி யுஎஸ்பி கேஸில் (டிஸ்க்கை யுஎஸ்பி வழியாகக் கணினியில் இணைக்கும் பெட்டி) போட்டேன். நீல விளக்கு எரிந்தது. உள்ளே டிக் டிக் என்று சத்தம். கணினியில் எதுவும் தெரியவில்லை. கேபிளை மாற்றினேன், வேறு கேஸும் வாங்கினேன். மூன்று நாள் போனதுதான் மிச்சம்.

அப்புறம்தான் டிஸ்க்கின் லேபிளைப் படித்தேன்: 5 வோல்ட், 1 ஆம்பியர். நான் செருகியதோ யுஎஸ்பி 2.0 போர்ட்; அது தரும் மின்சாரம் 500 மில்லி ஆம்பியர்தான், அதாவது பாதி. விளக்கு எரிய அது போதும், டிஸ்க்கின் உள்ளே இருக்கும் தட்டு சுழலத் தொடங்கப் போதாது. விளக்கை நம்பித்தான் ஏமாந்தேன். இரண்டு யுஎஸ்பி முனை உள்ள கேபிள் வாங்கி, இரண்டு போர்ட்டிலிருந்தும் மின்சாரம் கிடைக்க இரண்டையும் செருகியதும் சத்தம் நின்று சீராகச் சுழன்றது. அப்பாடா! முதலில் பழைய படங்களை நகலெடுத்தேன், பிறகே ஃபார்மேட் செய்தேன்.