தட்டட்டி ஒழுகலும் 15 நாள் நோட்டீசும்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுத் தட்டட்டிக்கு (மொட்டை மாடிக்கு) வாட்டர்ப்ரூஃப் அடித்து, ஐந்து வருஷ கேரண்டியும் எழுதிக் கொடுத்தார் காண்ட்ராக்டர். முதல் ஐப்பசி மழைக்கே ஒழுகியது. தூசியைக் கழுவவில்லை, விரிசலை வெட்டி அடைக்கவில்லை, கைப்பிடிச் சுவர் மூலையில் ஃபைபர் வலை வைக்கவில்லை. மேலே ஒரே கோட்டிங். வெறும் பெயிண்ட்தான்!

வாயால் சொன்னால் எடுபடாது. வடிகுழாயை அடைத்து, 2 அங்குலம் தண்ணீரை 48 மணி நேரம் தேக்கி, கீழே கசிவதைத் தேதியோடு படம் எடுத்தேன். பில், வாட்ஸ்அப் பேச்சு நகல்களோடு 15 நாள் கெடு வைத்து ஒப்புகையுடன் நோட்டீஸ் அனுப்பினேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் புகார் பதிந்தேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம்: கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணமில்லை, வக்கீல் கட்டாயமில்லை, 2 வருஷத்துக்குள் போடணும். அதுவரை போகவில்லை, பத்தாம் நாள் ஆள் வந்து பழைய கோட்டிங்கைச் சுரண்டினார். இந்தத் தடவை வலையோடு மூன்று கோட்டிங்.