நிலத்தைத் தோண்டுமுன் யாரிடம் கேட்பது?

யாழ்ப்பாணத்தில் மதிலுக்கு அத்திவாரம் வெட்டுகிறவர்களும் மலசலகூடக் குழி தோண்டுகிறவர்களும் முதலில் விசாரிப்பது எத்தனை அடியில் கல் வரும் என்பதைத்தான். அந்தக் கல்லுக்கு மேலே ஏற்கெனவே என்ன புதைத்திருக்கிறார்கள் என்ற கேள்வி, பெரும்பாலும் குழாய் உடைந்து ஒழுங்கையில் தண்ணீர் ஓடத் தொடங்கிய பின்னரே எழுகிறது. தாளையடியில் 2024 ஆம் ஆண்டு கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டு, குழாய்வழிக் குடிநீர் பல ஊர்களுக்கும் பரவிவரும் இக்காலத்தில், தோண்டுமுன் கேட்கும் பழக்கம் நமக்கும் வேண்டியதாகிவிட்டது.

அமெரிக்காவில் இப்பழக்கம் சட்டமாவதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன. தொடக்கத்தில் தோண்டுகிறவர், நிலத்தடியில் குழாயோ வடமோ புதைத்திருக்கும் ஒவ்வொரு நிறுவனத்தையும் தனித்தனியே அழைத்து, அவை போகும் இடத்தைக் குறித்துத் தரும்படி கேட்க வேண்டியிருந்தது. பின்னர் மாநிலங்களில் பொது அழைப்பு நிலையங்கள் உருவானபோதும் ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு எண் இருந்தது. நாடு முழுவதற்கும் ஒரே இலவச எண் வேண்டும் என்று 2002 ஆம் ஆண்டின் குழாய்வழிப் பாதுகாப்புச் சட்டம் பணித்தது. 2005 இல் அதற்கு 811 ஒதுக்கப்பட்டு, 2007 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அவுஸ்திரேலியாவில் 1100 என்ற எண் இதே வேலையைச் செய்தது. இந்தியா 2023 மார்ச்சில் இதற்கெனக் கைப்பேசிச் செயலி ஒன்றை வெளியிட்டது. இலங்கையில் அப்படி ஒரே எண் இல்லாததால், அந்த எண் செய்யும் வேலையை நாமேதான் செய்ய வேண்டும்.

வேலைக்குச் சில நாட்கள் முன்னரே, தோண்டப்போகும் இடத்தைச் சுண்ணாம்பால் கோடிட்டு, அருகிலுள்ள மின்கம்பத்தின் இலக்கமும் தெரியும்படி படமெடுத்துக்கொள்ளுங்கள். பிறகு நீர் வழங்கல் சபையை 1939 இலும், தொலைத்தொடர்புக்கு 1212 இலும், மின்சாரத்துக்கு 1987 இலும் அழைத்து, உங்கள் பகுதி அலுவலகத்தின் தொடர்பைப் பெற்று, அங்கே நேரில் செல்வதே நல்லது; தொலைபேசியில் கிடைக்கும் “அங்கே ஒன்றுமில்லை” என்ற பதிலை நான் போதுமானதாகக் கொள்வதில்லை. வீதியோரத்தை வெட்டுவதாயின், வீதி யாருக்கு உரியதோ அந்தப் பிரதேச சபையிடமோ மாநகர சபையிடமோ வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமோ அனுமதி பெற வேண்டும். வளவுக்குள் கிணற்றிலிருந்து தாங்கிக்குப் போகும் குழாயும் மோட்டர் வயரும் எந்த அலுவலகத்தின் வரைபடத்திலும் இரா. 811 சேவையும்கூட இத்தகைய தனியார் இணைப்புகளைக் குறித்துக் கொடுப்பதில்லை. அவற்றைப் பதித்த மேசனையோ வயரிங் செய்தவரையோ வீட்டுப் பெரியவர்களையோ கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

கருவி கொண்டு தேடலாமே என்று சிலர் நினைப்பர். மின்காந்தக் கருவி உலோகக் குழாயையும் வடத்தையும் காட்டும். ஆனால் கூடவே உலோகக் கம்பி பதிக்கப்படாத பிளாஸ்டிக் குழாயை அது காட்டாது. நம் ஊரில் அதைவிட நம்பத்தக்கது நிலமே. சுண்ணக்கல் மேலாக இருக்கும் இடங்களில், குழாய் பதித்தவர்கள் கல்லை உடைத்துக் கால்வாய் வெட்டி, மண்ணாலும் உடைகல்லாலும் நிரப்பியிருப்பார்கள். ஆகவே ஓரிடத்தில் அலவாங்கு கல்லில் மோதி எகிற, இரண்டடி தள்ளி அதே அலவாங்கு மெத்தென்று இறங்கினால், அந்த இடத்தை யாரோ முன்னரே வெட்டியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். அங்கிருந்து அலவாங்கும் பிக்காசும் பெக்கோ இயந்திரமும் வேண்டாம். மண்வெட்டியால் மெல்லச் சுரண்டி மண்ணை அள்ளுங்கள். வண்ண எச்சரிக்கை நாடாவோ, வேற்றிடத்து மணலோ, வரிசையாக அடுக்கிய செங்கல்லோ தென்பட்டால் அதன் கீழே வடம் இருக்கக்கூடும். குழாயோ வடமோ போகும் இடமெனக் குறியிட்ட கோட்டின் இரு பக்கமும் குறைந்தது இரண்டடி வரை கையாலேயே தோண்டுவது நன்று. கோடு இடத்தைக் காட்டுமேயன்றி ஆழத்தைக் காட்டாது.

போர்க்கால வெடிபொருள்போலத் தோன்றும் உலோகம் எதுவும் வெளிப்பட்டால், தொடாமல் விலகி 119 க்கு அறிவியுங்கள். மின்வடம் வெட்டுப்பட்டால் அருகில் எவரையும் விடக்கூடாது. இயந்திரத்தில் இருப்பவர், தீப்பற்றினாலன்றி, மின் துண்டிக்கப்படும்வரை இறங்காதிருப்பதே பாதுகாப்பு.

சிறு கீறல்தானே என்று மண்ணைப் போட்டு மூடிவிடுவதே எல்லாவற்றிலும் மோசமானது. அமெரிக்காவின் பெலிங்காமில் 1994 ஆம் ஆண்டு வேறொரு கட்டுமான வேலையின்போது அகழ்பொறி பட்டுச் சிதைந்த பெற்றோல் குழாய், 1999 ஜூன் 10 அன்று வெடித்து மூவரின் உயிரைக் குடித்தது. நம் யாழ்ப்பாண மண்ணில் பெற்றோல் குழாய் இல்லையென்றாலும், கீறலுற்ற வடத்தின் உறையினுள்ளும் நாளடைவில் ஈரம் புகும். ஆகவே குழியைத் திறந்தபடியே வைத்து, உரியவர்கள் வந்து பார்த்த பின்னரே நிரப்புங்கள்.

நிரப்புமுன், வெளிப்பட்ட குழாயின் ஆழத்தையும், நிலையான ஒரு சுவரிலிருந்து அதன் தூரத்தையும் அளந்து, அளவுநாடா தெரியும்படி படமெடுத்து, வீட்டு வரைபடத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.