ஒரு குக்கர், ஒரு பிடிப் பருப்பு: கை இறுக்கமான மாதத்தில் நான்கு பேருக்குச் சமைப்பது எப்படி?

மாதம் 15 தேதி தாண்டினாலே பர்ஸைத் திறக்கப் பயமாக இருந்த ஒரு வருடம் எங்கள் வீட்டில் உண்டு. கணவருக்கு வேலை நின்றுபோயிருந்தது. இரண்டு பிள்ளைகள். அதுவரை மசாலா பாக்கெட்டும் கடை மாவும் வைத்தே ஓட்டியவள், அந்த வருடம்தான் அரிசி பருப்பிலிருந்து ஆரம்பித்துச் சமைக்கப் பழகினேன். அப்போது பிடிபட்ட விஷயம் இது: அடுப்பை ஒரு தடவை பற்ற வைத்தால், அதிலிருந்து இரண்டு வேளைக்காவது ஏதாவது எடுத்துவிட வேண்டும். கீழே சொல்லும் எல்லாமே அதை வைத்துத்தான்.

இதுவரை சமைத்தே பழக்கமில்லாதவர்களுக்காக எழுதுகிறேன். அதனால் சின்னச் சின்ன விஷயங்களையும் விடாமல் சொல்கிறேன்.

முதலில் பொருட்கள்

ரேஷனை முழுசாக வாங்குங்கள். தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். எங்கள் அட்டைக்கு மாதம் 20 கிலோ அரிசி. ஒரு நாளைக்கு சுமார் 660 கிராம், அதாவது 200 மில்லி டம்ளரில் நான்கு டம்ளர். மதியத்துக்கு இரண்டு, மிச்சம் இரவுக்கும் இட்லி மாவுக்கும். பருப்பு ஒரு கிலோவை 70 கிராமாகப் பிரித்தால் 14 தடவை வரும், ஒன்று விட்டு ஒரு நாள். எண்ணெய் தினமும் இரண்டு மேசைக்கரண்டிக்குக் கொஞ்சம் கூட. இந்த மூன்று அளவையும் ஒரு தாளில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். 20 தேதிக்கு மேல் திண்டாடாமல் இருக்க எனக்கு அந்தத் தாள்தான் உதவியது.

மளிகைக் கடையில் வாங்க வேண்டியவை: புளி, மிளகாய் வற்றல், மல்லி, மிளகு, சீரகம், வெந்தயம், கடலைப்பருப்பு, கடுகு, உளுந்து, மஞ்சள், பெருங்காயம், பூண்டு, உப்பு, அரை கிலோ கொள்ளு. சாம்பார் பொடி, ரசப் பொடி பாக்கெட் வேண்டாம். மிளகாய் 100 கிராம், மல்லி 200 கிராம், ஒரு பிடி கடலைப்பருப்பு, இரண்டு ஸ்பூன் சீரகம், ஒரு ஸ்பூன் மிளகு, ஒரு ஸ்பூன் வெந்தயம். இவற்றை வெயிலில் நன்றாகக் காயவைத்து, கொஞ்சம் மஞ்சளும் சேர்த்து அரைத்து வைத்துக்கொண்டால் ஒரு மாதத்துக்கு மேல் வரும். வறுக்கக்கூட கேஸ் செலவில்லை.

அரிசி

ரேஷன் புழுங்கல் அரிசியை முறத்திலோ தட்டிலோ பரப்பிக் கல், நெல் பார்த்து எடுங்கள். அப்போது சில மணிகள் மட்டும் நிறம் கொஞ்சம் மாறி இருக்கலாம், தண்ணீரில் போட்டால் மிதக்கவும் செய்யலாம். 'பிளாஸ்டிக் அரிசி' என்று பயந்து அதைப் பொறுக்கிக் குப்பையில் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து போடாதீர்கள். அது செறிவூட்டிய அரிசி. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி வடிவத்தில் செய்து, நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்தது. பிள்ளைகளுக்கு வேண்டிய சத்து அதில் இருக்கிறது.

மூன்று தடவை களையுங்கள். முதல் தண்ணீர் செடிக்கு. இரண்டாவது தண்ணீரைக் கொட்டாமல் அதில் எலுமிச்சை அளவு புளியை ஊறப் போடுங்கள். குழம்பு தண்ணியாகப் போகாமல் கொஞ்சம் கனமாக வரும். அரிசியும் பருப்பும் தனித்தனியாக அரை மணி நேரம் ஊறட்டும். ஊறாத அரிசியை வேகவைத்தால் கேஸ் வீணாகும். ரேஷன் அரிசியில் வாடை வருகிறது என்பவர்கள், களையும்போது ஒரு பிடி கல்லுப்பு போட்டுத் தேய்த்துக் கழுவிப் பாருங்கள்.

குக்கர் வைப்பது

5 லிட்டர் குக்கர் இருந்தால் சௌகரியம். அடியில் இரண்டு டம்ளர் தண்ணீர். கீழ்ப் பாத்திரத்தில் 70 கிராம் பருப்பு (அரை டம்ளருக்குக் கொஞ்சம் குறைவு), ஒன்றரை டம்ளர் தண்ணீர், சிட்டிகை மஞ்சள், நான்கு பல் பூண்டு, ஒரு சொட்டு எண்ணெய். உப்பு இப்போது போடாதீர்கள். மேல் பாத்திரத்தில் இரண்டு டம்ளர் அரிசி, ஆறு டம்ளர் தண்ணீர். பாத்திரத்தில் பாதிக்கு மேல் அரிசியும் தண்ணீரும் போனால் பொங்கி வழியும், அதனால் பெரிய பாத்திரமாக வையுங்கள். இடம் போதாவிட்டால் சோற்றைத் தனியாக வடித்துக்கொள்ளலாம். அந்தக் கஞ்சியில் உப்பு போட்டு 11 மணிக்கு ஒரு டம்ளர் குடித்தால் பசி தாங்கும்.

முதல் விசில் வரும்வரை பெரிய தீ. வந்ததும் சிம்மில் வைத்து 12 நிமிடம். அணைத்துவிட்டு, ஆவி தானாக அடங்கும்வரை தொடாதீர்கள். அந்தச் சூட்டிலேயே பாதி வேலை நடக்கும். அவசரப்பட்டு விசிலைத் தூக்கி ஆவியை வெளியே விட்டால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சூடுதான் வெளியே போகிறது.

ஒரு பருப்பிலிருந்து சாம்பாரும் ரசமும்

இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். எங்கள் வீட்டை ஓட்டியது இதுதான்.

வெந்த பருப்பில் ஒரு டம்ளர் வெந்நீர் ஊற்றி, கரண்டியால் ஒரே ஒரு சுற்று சுற்றி, ஐந்து நிமிடம் விடுங்கள். பருப்பு அடியில் இறங்கி, மேலே மஞ்சளாகத் தெளிந்த தண்ணீர் நிற்கும். அதை மெதுவாகச் சாய்த்துத் தனியே எடுங்கள். இது ரசத்துக்கு. அடியில் நிற்பதை மத்தால் கடையுங்கள். அது சாம்பாருக்கு.

புளிக்கும் இதே கணக்கு. முதல் தடவை கரைத்த கெட்டிக் கரைசல் சாம்பாருக்கு. சக்கையில் மறுபடி ஒரு டம்ளர் தண்ணீர் விட்டுப் பிழிந்தது ரசத்துக்கு.

சாம்பாருக்குக் கால் கிலோ மஞ்சள் பூசணி போதும். தோலோடு பெரிய துண்டாக வெட்டி, புளிக்கரைசலில் போட்டு, இரண்டு ஸ்பூன் பொடி, உப்பு சேர்த்து மூடி வேகவிடுங்கள். பொடியின் பச்சை வாசனை போனதும் கடைந்த பருப்பை ஊற்றுங்கள். 70 கிராம் பருப்பு நான்கு பேருக்குக் கொஞ்சம்தான், அதனால் வெந்த பூசணியில் இரண்டு துண்டைக் கரண்டியால் நசுக்கி விடுங்கள். அப்படியும் தண்ணியாக இருந்தால் ஒரு ஸ்பூன் அரிசி மாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி ஒரு கொதி.

ரசத்துக்கு அரை ஸ்பூன் மிளகு, ஒரு ஸ்பூன் சீரகம், மூன்று பல் பூண்டைத் தோலோடு அம்மியிலோ சின்ன உரலிலோ ஒன்றிரண்டாகத் தட்டுங்கள். புளித்தண்ணீரில் ஒரு பழுத்த தக்காளியைக் கையால் பிசைந்து, உப்பு, மஞ்சள் போட்டுக் கொதிக்க விடுங்கள். புளி வாசனை போனதும் தட்டியதைப் போட்டு, எடுத்து வைத்த பருப்புத் தண்ணீரை ஊற்றுங்கள். இனி அடுப்பை விட்டு நகரக் கூடாது. ஓரத்தில் நுரை கிளம்பும், பிறகு நடுவுக்குக் கூடி வரும். நுரை முழுசாக மூடும்போது இறக்கிவிடுங்கள். தளதளவென்று கொதித்தால் ரசம் கடுத்துப்போகும். ஒருநாள் பிள்ளையை அழைத்துவரப் போய்ச் சட்டி முழுக்கக் கெட்டுவிட்டது. அன்று இரவு வெறும் மோர்சோறுதான்.

தாளிப்பும் ஒரே தடவை. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் கடுகு வெடித்து அடங்கியதும் இரண்டு மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம். பாதி சாம்பாருக்கு, பாதி ரசத்துக்கு. கரண்டியில் ஒட்டிய எண்ணெயைச் சாம்பாரில் கலக்கி எடுத்துவிடுங்கள்.

மதியம் சாம்பார், இரவு ரசம். இரவுச் சோற்றை மட்டும் புதிதாக வைத்தால் போதும்.

தொட்டுக்கொள்ள

பீர்க்கங்காய் வாங்கும் அன்று தோலைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு ஸ்பூன் எண்ணெயில் ஒரு ஸ்பூன் உளுந்து, மூன்று மிளகாய் வறுத்து எடுத்துக்கொண்டு, அதே சட்டியில் தோலைச் சுருள வதக்கி, துளி புளி, உப்பு சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்தால் துவையல். ரசம் சோற்றுக்கு இதைவிடப் பொருத்தமாக எதுவும் இல்லை என்றே சொல்வேன். வாழைக்காய்த் தோலிலும் இதே போலச் செய்யலாம். கீரைத் தண்டைப் பொடியாக நறுக்கிப் பொரியல், முள்ளங்கி இலையை மறுநாள் கூட்டுக்கு.

காய் வாங்க உழவர் சந்தைக்குப் போங்கள். மதுரையில் 1999இல் ஆரம்பித்து இன்று பல ஊர்களில் இருக்கிறது. விலையைப் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள். கூட்டம் கலைகிற நேரத்தில் போனால் மிச்சக் காயைக் கூறு கட்டிக் குறைத்துத் தருவார்கள். நசுங்கிய தக்காளி ரசத்துக்குத் தாராளமாகப் போதும். முருங்கை மரம் இருக்கும் வீட்டில் கூச்சப்படாமல் ஒரு கொத்து கேளுங்கள். நாங்கள் கேட்டு யாரும் இல்லை என்று சொன்னதில்லை.

பருப்பு இல்லாத நாள்

கொள்ளு ஒரு டம்ளரை இரவே ஊறப்போட்டு, நிறையத் தண்ணீரில் ஆறேழு விசில் வேகவிடுங்கள். தண்ணீர் ரசத்துக்கு, கொள்ளு பாதி சுண்டலுக்கு, மீதி துவையலுக்கு. இன்னொரு நாள் பூண்டுப் புளிக்குழம்பு, ஆளுக்கு ஒரு முட்டையைக் கொதிக்கிற குழம்பிலேயே உடைத்து ஊற்றிவிடலாம். கருவாடு சாப்பிடுகிறவர்கள் என்றால் கையளவு கருவாடு ஒரு சட்டிக் குழம்புக்குக் காணும்.

காலைக்கு

வாரத்தில் மூன்று நாள் இட்லி, தோசை. ரேஷன் புழுங்கல் நான்கு டம்ளருக்கு உளுந்து ஒரு டம்ளர், வெந்தயம் ஒரு ஸ்பூன். உளுந்தை மட்டும் நன்றாகப் பொங்கப் பொங்க ஆட்டினால் ரேஷன் அரிசியிலும் இட்லி பஞ்சு போல வரும்.

மற்ற நாட்களில் பழைய சோறு. இரவு மிஞ்சிய சோறு நன்றாக ஆறியதும், முழுகும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி மண்சட்டியில் மூடி வையுங்கள். சூடான சோற்றில் ஊற்றினால் நசநசத்துப்போகும். காலையில் லேசாகப் புளித்த வாசனை வரும். கையை நன்றாகக் கழுவிவிட்டு உப்பு போட்டுப் பிசைந்து, ஒரு கரண்டி மோர் விட்டு, சின்ன வெங்காயத்தை நசுக்கி வையுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் மட்டும் 8 மணிக்குள் சாப்பிட்டுவிடுங்கள். நேரம் போகப் போகப் புளிப்பு ஏறிவிடும்.