மகப்பேறு விடுப்பு: கணக்கில் கோட்டை விட்டால் உடம்புக்குத்தான் சிரமம்

26 வாரம் விடுப்பு என்றதும், ஆறு மாதம் குழந்தையோடு இருக்கலாம் என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தி முதல் இரண்டு குழந்தைகளுக்குத் தந்த இந்த 26 வாரம், பிரசவத்துக்கு முன்னும் பின்னும் சேர்த்துத்தான். அதில் 8 வாரம் வரை முன்பே எடுக்கலாம். வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போனதும் அந்த எட்டையும் எடுத்துவிட்டால், மிஞ்சுவது 18 வாரம். நாலு மாதம் சொச்சம். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். குறையும் அந்த இரண்டு மாதத்தில்தான் பவுடர் பால் டப்பா வீட்டுக்குள் நுழைகிறது. ரத்த அழுத்தம் போன்ற சிக்கலுக்காக மருத்துவர் ஓய்வெடுக்கச் சொன்னால் தயங்காமல் எடுங்கள். சொந்தக்காரர்கள் சொன்னார்கள் என்பதற்காக வேண்டாம்.

பிரசவத்தால் உடம்பு முடியாமல் போனாலோ, குறைப்பிரசவம் ஆனாலோ, சான்றிதழ் காட்டி இன்னும் ஒரு மாதம் சம்பளத்தோடு கேட்கலாம். எச்.ஆர். தானாக வந்து இதைச் சொல்வது அபூர்வம்.

“ஒரு மணி நேரம் லாகின் பண்ணினால் போதும்” என்று மேனேஜர் கேட்பார். பிரசவமான முதல் 6 வாரம் தாயை வேலை வாங்கவே கூடாது என்பது சட்டம். தையல் ஆறாத உடம்போடு நல்ல பெயர் வாங்க வேண்டியதில்லை.

அப்புறம் பலரும் செய்யும் ஒரு தவறு, வேலைக்குத் திரும்பும் அன்று காலை வரை நேரடியாக மட்டுமே பால் கொடுத்துக்கொண்டிருப்பது. மதியத்துக்குள் மார்பு கல்லாகிவிடும். பால் கட்டி, காய்ச்சலில் கொண்டுபோய் விடலாம். இரண்டு வாரம் முன்பே பால் எடுத்துப் பழகுங்கள். நம் ஊர் வெயிலில் வெளியே வைக்காமல் உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள், 4 நாள் தாங்கும். பாட்டி பாலாடையில் புகட்டட்டும், பாட்டில் தேவையில்லை. ஆபீஸில் குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளை உண்டு. கழிவறையில் நின்று பால் எடுக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தாழ்ப்பாள் உள்ள அறை கேளுங்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம் என்றால் குழந்தைகள் காப்பகமே இருக்க வேண்டும்.

இரும்புச் சத்து மாத்திரையைப் பிரசவத்தோடு நிறுத்துவது இன்னொரு தவறு. அதன் பிறகும் 180 நாள் சாப்பிட வேண்டும்.

மனச்சோர்வு முதல் மாதத்தில்தான் வரும் என்றில்லை. லீவு முடியும் சமயத்திலும் தொடங்கலாம். அழுகை, தூக்கமின்மை, எதிலும் பிடிப்பில்லாத நிலை இரண்டு வாரத்தைத் தாண்டினால் மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல ஆலோசனைச் சேவை) எண்ணில் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம்.