தொட்டிச் செடிகளுக்கு மூன்று படி மர ஸ்டாண்ட்

"இத்தனை தொட்டியை மரம் தாங்குமா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். தாங்கும். வெளியில் நிற்கும் ஸ்டாண்டைத் தின்பது பாரம் இல்லை, தண்ணீர். ஊற்றிய தண்ணீர் வடிந்து மரம் காய்ந்துவிட்டால் கவலையில்லை. எங்காவது தேங்கினால் அந்த இடத்தில் பூஞ்சை பிடித்து மக்க ஆரம்பிக்கும். அதனால் மரத்தோடு மரம் சேரும் ஒவ்வொரு மூட்டையும் பார்த்து நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இங்கே விழும் சொட்டு எந்தப் பக்கமாக வெளியே போகும்?

மரம் வாங்கும்போது தேக்கு என்ற பெயரை மட்டும் நம்பாதீர்கள். வைரம் பாய்ந்த பகுதிதான் மழைக்கு நிற்கும்; ஓரத்தில் வெளிறித் தெரியும் வெள்ளை, தேக்கிலும் சீக்கிரம் போய்விடும். பைன் என்றால் மருந்து ஏற்றிப் பதப்படுத்தியதாக இருக்கட்டும். சாதாரண பிளைவுட் பக்கமே போக வேண்டாம்.

இரண்டே அளவு போதும். கால்களுக்கு 5 x 5 செ.மீ. சட்டம் ஐந்து மீட்டர், மற்றதற்கெல்லாம் 5 x 2.5 செ.மீ. ரீப்பர் பதினாறரை மீட்டர். அறுக்கையில் வீணாவதும் இதில் அடக்கம்.

ஒரு பக்கத்துக்கு நான்கு கால்: 25, 50, 75, 75 செ.மீ. அவற்றைத் தரையில் படுக்கவைத்து, ஒரு காலின் முன்விளிம்பிலிருந்து அடுத்ததன் முன்விளிம்புக்கு 25 செ.மீ. வருமாறு அடுக்குங்கள். குறுக்கே மூன்று ரீப்பர். 80 செ.மீ. துண்டு நான்கு கால்களையும் இணைக்கும், 55 செ.மீ. துண்டு இரண்டாவது காலில் தொடங்கும், 30 செ.மீ. துண்டு கடைசி இரண்டுக்கு. மூன்றும் பின்கால் வரை ஓட வேண்டும், அதில்தான் சட்டகத்தின் உறுதி இருக்கிறது. எந்தக் காலில் தொடங்குகிறதோ அதன் உச்சிக்கு 2.5 செ.மீ. கீழே ரீப்பரின் மேல்விளிம்பு நிற்கட்டும். அப்போது மேலே வைக்கும் பலகை கால் உச்சியோடு சமமாக வரும். மூலைமட்டம் வைத்துப் பார்த்த பிறகே முடுக்குங்கள். இன்னொரு பக்கத்தை இதற்குக் கண்ணாடிப் பிம்பமாகச் செய்யுங்கள்; ரீப்பர்கள் இரண்டிலும் உள்பக்கம் இருக்க வேண்டும்.

ஸ்க்ரூ 5 செ.மீ. நீளம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். சாதாரண இரும்பு துருப்பிடித்துச் சுற்றியுள்ள மரத்தையும் கறுக்கவைத்துவிடும். ஒவ்வொரு மூட்டுக்கும் இரண்டு ஸ்க்ரூ, ஒரே கோட்டில் இல்லாமல் கோணல்மாணலாக. ஒரே இழையில் இரண்டும் இறங்கினால் மரம் பிளக்கும். 4 மி.மீ. ஸ்க்ரூவுக்கு முதலில் 3 மி.மீ. துளை போடுங்கள். பலகை முனைகளில் இதைத் தவிர்க்கவே முடியாது.

இனி படிகள். இரண்டு பக்கங்களையும் எதிரெதிரே நிறுத்தி, குறுக்கு ரீப்பர்களின் மேல் 90 செ.மீ. நீளத்தில் பன்னிரண்டு ரீப்பர், படிக்கு நான்கு. இடையில் 1.5 செ.மீ. இடைவெளி. பார்க்க அழகாக இருக்கிறதே என்று நெருக்கி வைத்தால் இடுக்கில் மண்ணும் சருகும் சேர்ந்து ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். விரல் நுழையும் அளவு இருக்கட்டும், குச்சி விட்டுத் தள்ளலாம்.

இப்போது ஸ்டாண்டின் உச்சியைப் பிடித்து இடவலமாக ஆட்டிப் பாருங்கள். ஆடும். ஆடத்தான் செய்யும், நாற்கோணம் எதுவும் அப்படித்தான். பின்கால்கள் இரண்டுக்கும் குறுக்கே, கீழ் மூலையிலிருந்து எதிர் மேல் மூலைக்குச் சாய்வாக ஒரு ரீப்பர் அடியுங்கள். அதற்கு முன் பின்சட்டத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து சமமாக்குங்கள். கோணலாக இருக்கும்போது அடித்தால் அந்தக் கோணல் நிரந்தரம்.

பூச்சுக்கு எல்லோரும் வார்னிஷ் என்பார்கள். எனக்கு எண்ணெய்தான் பிடிக்கும். வெயிலில் வார்னிஷ் படலம் வெடித்து, அடியில் தண்ணீர் நுழைந்தால் மொத்தத்தையும் சுரண்டித்தான் மறுபடி பூச வேண்டும். லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) என்றால் உப்புத்தாளால் தேய்த்து, துணியால் பூசி, ஊறாமல் மிதப்பதைத் துடைத்துவிட வேண்டியதுதான். வருஷத்துக்கு ஒருமுறை திரும்பப் பூசலாம். ஆனால் அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீரில் அமிழ்த்திவையுங்கள்.

எண்ணெயில் பாதிக் கவனம் வெட்டுமுனைகளுக்குப் போக வேண்டும். மரத்தின் நாளங்கள் அங்கேதான் வாய் திறந்திருக்கின்றன, பக்கவாட்டைவிட அங்கே தண்ணீர் பல மடங்கு வேகமாக ஏறும். காலின் அடியை எண்ணெயில் நிறுத்தி ஊறவிடுங்கள். உச்சியை முன்பக்கமாக லேசாகச் சாய்த்து அறுத்துவிட்டால் தண்ணீர் நிற்காது. கால்கள் மண்ணைத் தொடக் கூடாது; அடியில் கல்லோ ரப்பர் குமிழோ வையுங்கள்.

24 செ.மீ. தொட்டி ஒன்று நனைந்த மண்ணோடு 10 கிலோவைத் தாண்டும். அத்தகையவை கீழ்ப்படிக்கு. மேல்படியில் சின்னத் தொட்டிகள், தொங்கும் கொடிகள். உயர்ந்து வளரும் செடியை அங்கே வைத்தால் காற்று தள்ளிவிடும். தொட்டிக்கடியில் தட்டு வைப்பதாக இருந்தால் நான்கு குமிழ் ஒட்டித் தூக்கிவையுங்கள், இல்லையென்றால் தட்டடியில் பலகை காயவே காயாது.

ஒவ்வொரு மழைக்காலமும் முடிந்ததும் கால் அடிகளை ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். முனை மெத்தென்று இறங்கினால் எட்டுக் கால்களையும் ஒரே அளவில் ஒரு விரற்கடை அறுத்துவிட்டு, புதிய முனைகளுக்கு எண்ணெய் ஊறவிட்டு மறுபடி நிறுத்தலாம்.