உடம்பு ஆடும் நேரத்தை நோட்டில் குறிப்பது எப்படி?

கை நடுக்கமும் உடம்பு விறைப்பும் தரும் பார்க்கின்சன் நோய்க்கு சில வருஷமாக லெவோடோபா மாத்திரை சாப்பிடுகிறவருக்கு உடம்பு தானாக வளைந்து நெளிய ஆரம்பித்தால், முதலில் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்குங்கள். மன்னார்குடியில் எங்கள் அப்பாவுக்கு இது வந்தபோது நோய் முற்றிவிட்டது என்று பயந்து, மாத்திரையைக் கூட்டச் சொல்லலாம் என்று தஞ்சாவூருக்கு ஓடினோம். டாக்டர் முன்னால் அப்பா ஆடாமல் உட்கார்ந்திருந்தார்.

நடுக்கம் வேறு, இது வேறு. நடுக்கம் மடியில் சும்மா கிடக்கும் கையில், ஒரே தாளத்தில், விரல்கள் எதையோ உருட்டுவது போல வரும். டிஸ்கைனீசியா எனும் இந்த ஆட்டத்துக்குத் தாளமே கிடையாது. கழுத்து, தோள், இடுப்பு என்று நெளியும்.

ஏன் வருகிறது? உடம்பை அசைக்க மூளைக்கு டோபமைன் எனும் ரசாயனம் வேண்டும், லெவோடோபா மூளைக்குள் போய் அதுவாகத்தான் மாறுகிறது. மூளையில் டோபமைனை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளுக்கு வாய்க்கால் தண்ணீர் போல அது சீராக வரவேண்டும். லெவோடோபாவோ ரத்தத்தில் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும், டோபமைனைச் சேர்த்துவைத்துக் கொடுக்கும் செல்களும் அழிந்துபோயிருக்கும், அதனால் மதகைத் திறந்து திறந்து மூடுகிற கதைதான். இப்படியே வருஷக்கணக்கில் போனால் அவற்றில் டி1 எனும் வகை ஏற்பிகள் கொஞ்சம் டோபமைனுக்கே எகிற ஆரம்பிக்கின்றன. குளூட்டமேட் எனும் இன்னொரு மூளை ரசாயனத்தை வாங்கும் என்எம்டிஏ ஏற்பிகளும் சேர்ந்து தூண்டும். அதை அடக்கத்தான் அமன்டடின் எனும் மருந்து. அதன் நீடித்து வேலை செய்யும் வகைக்கு, இந்த ஆட்டத்துக்கென்றே 2017-ல் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள்.

சரி, நோட்டுக்கு வருவோம். மூன்று நாள், காலைக் காப்பியிலிருந்து படுக்கும்வரை அரை மணிக்கு ஒரு வரி. தூக்கம், கட்டை (மருந்து வேலை செய்யாமல் உடம்பு விறைத்துக் கிடப்பது), நல்ல நேரம் (ஆட்டமில்லாமல் நன்றாக அசைவது), ஆட்டம், தொல்லை தரும் ஆட்டம், இந்த ஐந்தில் ஒன்று போதும். மாத்திரை போட்ட நேரம் சிவப்பு மையில். தொல்லையா இல்லையா என்பதை அவரிடமே கேட்டு எழுதுங்கள், நீங்களாக முடிவு செய்யாதீர்கள். "ஆடிட்டுப் போகுதுடா, கட்டையாக் கிடக்கறதைத்தான் தாங்க முடியல" என்றார் அப்பா. நாங்கள் அதுவரை அதைக் கேட்டதே இல்லை.

மாத்திரை போட்டு ஒன்று, இரண்டு மணி நேரத்தில் ஆட்டம் வந்தால் மருந்து உச்சத்தில் இருக்கிறது. ஒரு வேளை அளவைக் குறைப்பது பற்றி டாக்டர் யோசிப்பார். மருந்து ஏறும்போதும் இறங்கும்போதும், முக்கியமாகக் கால்களில் வந்தால் அது வேறு வகை, அதற்குக் குறைத்தால் இன்னும் மோசமாகலாம். நேரம் எழுதாமல் இரண்டையும் பிரிக்கவே முடியாது. விடியற்காலையில் கால் விரல் இழுத்துக்கொண்டால் அதையும் எழுதுங்கள். ஆடும்போது ஒரு நிமிஷம் வீடியோ எடுத்து, மணியைச் சத்தமாகச் சொல்லிவிடுங்கள்.

சாப்பாட்டையும் குறியுங்கள், பருப்பு, தயிரில் உள்ள புரதம் மாத்திரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். நம் ஊரில் யாராவது பூனைக்காலி விதைப் பொடி கொடுத்திருந்தால் மறைக்கவே கூடாது, அதில் இருப்பதும் லெவோடோபாதான். ஆட்டத்தைப் பார்த்துப் பயந்து மாத்திரையைச் சட்டென்று நிறுத்தாதீர்கள், உடம்பு விறைத்துக் காய்ச்சல் கண்டு உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டரைப் பார்க்கும் நாளிலும் வழக்கமான நேரத்துக்கே மாத்திரை கொடுத்து, நோட்டோடு பஸ் ஏறுங்கள்.