போலீஸ் ரெக்கார்டில் தாத்தாவைத் தேடுவது எப்படி

எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு முதல் தடவை போனபோது என் கையில் இருந்தது தாத்தாவின் பெயர் மட்டும்தான். மூன்று நாள் லீவு போட்டுவிட்டு உசிலம்பட்டியிலிருந்து பஸ் ஏறியிருந்தேன். மூன்று நாளும் வீணாகப் போயின. அந்தப் பெயரில் எங்கள் பக்கம் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். அது போக, ஆள் பெயரை வைத்து அங்கே எதையும் தேட முடியாது என்பதே எனக்குத் தெரியவில்லை. அரசாணைகளை ஆண்டு, துறை, எண் என்ற வரிசையில்தான் அடுக்கி வைத்திருப்பார்கள்.

நான் கள்ளர் சீரமைப்புப் பள்ளியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். பிறமலைக் கள்ளர் குடும்பம். என் தாத்தா ரேகைச் சட்டத்தின் கீழ் வாழ்ந்தவர். சில சமூகங்களை மொத்தமாகவே குற்றவாளிகள் என்று அறிவித்துக் கண்காணித்த வெள்ளைக்காரர் காலத்துக் குற்றப் பரம்பரைச் சட்டத்தை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள், விரல் ரேகை வைக்கச் சொன்னதால். இப்போது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளும், என்னிடம் படித்த குறவர் வீட்டுப் பிள்ளைகளும் "சார், எங்க தாத்தாவைப் பற்றி எங்கே பார்க்கிறது?" என்று கேட்கிறார்கள். நான் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதை அவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

சட்டத்தின் ஆண்டுகள் தெரியாமல் தேட ஆரம்பிக்க வேண்டாம். குற்றப் பரம்பரைச் சட்டம் முதலில் 1871-இல் வட இந்தியாவில் வந்தது. 1911-இல் திருத்திக் கொண்டுவந்த சட்டம்தான் சென்னை மாகாணத்துக்கும் பொருந்தியது. 1924-இல் மறுபடி ஒரே சட்டமாகத் தொகுத்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947-இல் நீக்கினார்கள், நாடு முழுக்க 1952-இல் நீங்கியது. ஆகவே உங்கள் குடும்பத்தைப் பற்றிய பதிவு இருந்தால் பெரும்பாலும் 1911-க்கும் 1947-க்கும் நடுவில்தான் இருக்கும். நான்கு பிரிவுகளை மட்டும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். 3-ஆம் பிரிவு ஒரு சமூகத்தையே குற்றப் பரம்பரை என்று அறிவிப்பது. 10-ஆம் பிரிவு, குறித்த நேரத்தில் ஆஜராவதும் ஊரைவிட்டுப் போனால் சொல்லிவிட்டுப் போவதும். 16-ஆம் பிரிவு செட்டில்மென்டில், அதாவது கண்காணிப்பில் இருக்கும் தனிக் குடியிருப்பில், கொண்டுபோய் அடைப்பது. 23-ஆம் பிரிவு, குறிப்பிட்ட குற்றங்களில் இரண்டாம் தடவை தண்டனை பெற்றால் குறைந்தது ஏழு ஆண்டு, மூன்றாம் தடவை ஆயுள் முழுக்க நாடுகடத்தல். கோப்பில் பல இடங்களில் எண்ணை மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எண் தெரியாதவருக்கு அங்கே என்ன நடந்தது என்றே புரியாது.

சரி, வேலையை வீட்டில் தொடங்குங்கள். பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். தாத்தாவின் அப்பா பெயர், பட்டப்பெயர், எந்தக் கரை (பங்காளிப் பிரிவு), எந்தச் சாமி, எந்த ஊரில் பெண் எடுத்தார், எந்த ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டார், கிராம முன்சீப்பாக இருந்தது யார், தலையாரி யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். "திருடினாரா?" என்று எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். நான் அப்படிக் கேட்டுத்தான் என் பெரியம்மா இரண்டு வருஷம் இந்தப் பேச்சையே எடுக்கவிடவில்லை. "ராத்திரி எங்கே படுப்பார்?" என்று பின்னால் ஒருநாள் கேட்டபோது அவராகவே சொன்னார்: சாவடியில். ஊர் ஆம்பளைகள் எல்லோரும் சாவடியில்தான் படுக்க வேண்டுமாம், நடுராத்திரியில் வந்து எண்ணிவிட்டுப் போவார்களாம். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். போன ஊர் முன்சீப்பிடம் அதைக் காட்டி, வந்த நேரமும் கிளம்பிய நேரமும் எழுதி வாங்க வேண்டும். எங்கள் ஊரில் அது ராத்திரிச் சீட்டு என்றாகிவிட்டது. இந்தச் சொற்களைக் கேட்டவுடன் குறித்து வையுங்கள். சொல்பவர் எந்தப் பிரிவைப் பற்றிப் பேசுகிறார் என்பதற்கு அவைதான் அடையாளம்.

அப்புறம் காப்பகம். அறிமுகக் கடிதம் கொண்டுபோங்கள். கல்லூரியில் படிக்கிற பிள்ளைகளுக்குத் துறைத் தலைவரின் கடிதம் போதுமான பலம் தரும். முதல் நாள் ஒரு கோப்புக் கட்டையும் கேட்காமல், ஆண்டுவாரியான அட்டவணைப் புத்தகங்களை மட்டும் புரட்டுங்கள். 'கிரிமினல் டிரைப்ஸ்' என்ற தலைப்புதான் வாசல். அதன் கீழே சமூகம், மாவட்டம், செட்டில்மென்ட் என்று பிரியும். இந்தப் பொருளைக் கவனித்த துறை மாறிக்கொண்டே வந்ததால் ஒரே துறையில் தேடி நின்றுவிடக் கூடாது. ஆரம்ப வருஷங்களுக்கு ஜுடிஷியல், பிறகு ஹோம், லா ஜெனரல், பப்ளிக் வொர்க்ஸ் அண்டு லேபர் என்று ஒவ்வொன்றிலும் பாருங்கள்.

எழுத்துக்கூட்டல்தான் அதிகம் ஏமாற்றும். மதுரை அங்கே 'மதுரா'. திருச்சி 'டிரிச்சினாபொலி', திருநெல்வேலி 'டின்னவெல்லி'. குறவர்களை 'கொரவா', 'கொரச்சா', 'எருகலா' என்று இடத்துக்கு இடம் மாற்றி எழுதியிருப்பார்கள், சில இடங்களில் அவை வேறு வேறு பிரிவுகளும்கூட. நம் ஊர்ப் பெயர் ஆங்கிலத்தில் எப்படியெல்லாம் சிதையும் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு போங்கள். என் தாளில் எங்கள் ஊருக்கு ஏழு வடிவம் இருந்தது. அட்டவணையில் எட்டாவதாக ஒன்று வந்தது.

ஒரு அரசாணையை வாங்கினால் கடைசிப் பக்கத்து உத்தரவோடு நிறுத்தாதீர்கள். அதற்கு அடியில் கட்டியிருக்கும் கடிதங்களில்தான் சரக்கு இருக்கிறது. கலெக்டர் போலீஸ் சூப்பரின்டென்டென்டுக்கு எழுதியது, அவர் பதில் எழுதியது, சில நேரம் ஊர்க்காரர்கள் யாரையாவது பிடித்து எழுதிக் கொடுத்த மனு. அந்த மனுவில்தான் நம் ஆட்களின் குரல் கொஞ்சமாவது கேட்கும். மனு எழுதுகிறவர் 'மகாகனம் பொருந்திய' என்று ஆரம்பித்தாலும், நடுவில் 'அறுப்புக்குப் போக முடியவில்லை' என்று ஒரு வரி வந்துவிடும். அந்த வரிக்காக நூறு பக்கம் புரட்டலாம்.

காப்பகத்துக்கு வர முடியாதவர்கள் இணையத்தில் தொடங்கலாம். சென்னை மாகாணப் போலீஸ் நிர்வாக அறிக்கைகள், மாவட்ட கெஸட்டியர்கள் பலவற்றை ஸ்கேன் செய்து போட்டிருக்கிறார்கள். இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளத்தில் மத்திய அரசின் ஹோம் துறை, போலீஸ் பிரிவுக் கோப்புகள் இருக்கின்றன. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் அந்தக் காலத்துத் தமிழ்ப் பத்திரிகைகளைப் பார்க்கலாம். மாகாணச் சட்டசபை விவாதங்களையும் விடாதீர்கள். உறுப்பினர் கேள்வி கேட்டதால் மட்டுமே வெளியே வந்த எண்ணிக்கைகள் அவற்றில் உண்டு.

ஸ்டேஷன் பதிவேடுகள் தனிக் கதை. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் குற்ற வரலாற்றுப் பதிவேடும், ஆள்வாரியான ஹிஸ்டரி ஷீட்டும் வைத்திருந்தார்கள். 'நோன் டெப்ரிடேட்டர்' (Known Depredator, தெரிந்த கொள்ளைக்காரர்) என்று போலீஸ் வைத்த பெயரின் முதல் எழுத்துகள்தான் இன்று எல்லோர் வாயிலும் புழங்கும் 'கேடி'. 'கேப்மாரி' என்று சாதாரணமாகத் திட்டுகிறோமே, அது அந்தச் சட்டத்தின் பட்டியலில் இருந்த ஒரு சமூகத்தின் பெயர். அதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து என் வகுப்பில் அந்த இரண்டு சொல்லையும் யாரும் வசவாகச் சொல்ல நான் விட்டதில்லை.

பழைய ஸ்டேஷன் பதிவேடுகளில் பெரும்பகுதி காலக்கெடு முடிந்து அழிந்திருக்கும். இருந்தாலும் கேட்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தின் 8(3) பிரிவைக் குறிப்பிட்டு எழுதுங்கள். 20 ஆண்டுக்கு முன் நடந்த நிகழ்வு பற்றிய தகவலை, ஒருசில விலக்குகள் நீங்கலாக, கொடுக்க வேண்டும் என்கிறது அது. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். ஒரு அலுவலகத்தில் எனக்கு "எதுவும் இல்லை" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அழித்ததற்கான பதிவேட்டு நகலைக் கேட்டு அடுத்த மனு போட்டேன். அதன் பிறகுதான் எந்த ஆண்டு வரையிலான ஏடுகளை அழித்தார்கள், எவை மேல் அலுவலகத்துக்குப் போயின என்று விவரம் வந்தது. இல்லை என்று சொன்னால், இல்லாமல் போனது எப்போது என்று கேளுங்கள்.

எனக்குக் கிடைத்த பெரிய பொருள் அரசாங்கத்திடமிருந்து வரவில்லை. பக்கத்து ஊரில் பழைய கிராம முன்சீப்பின் பேரன் வீட்டுப் பரணில் கிடந்தது. கரையான் ஒரு ஓரம் தின்ற ரிஜிஸ்டர். பெயர், தகப்பன் பெயர், போன இடம், போன தேதி, திரும்பிய தேதி, கடைசிக் கட்டத்தில் கட்டைவிரல் ரேகை. தாத்தாவின் ரேகை நான்கு இடத்தில் தெளிவாக இருந்தது. கட்டைவிரலில் குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு, ரேகையில் வெள்ளைக் கோடாக விழுந்திருந்தது. அப்பாவிடம் சொன்னபோது, "கருக்கருவா பட்டது" என்றார். கோப்பில் எங்கேயும் இல்லாத ஒரு நெல் அறுப்பு அந்தக் கோட்டில் இருந்தது.

நான்கு வருஷம், நான்கு தடவை அவர் அனுமதி இல்லாமல் ஊரைவிட்டுப் போனதாக எழுதியிருந்தது. நான்கும் பிப்ரவரி, மார்ச் தேதிகள். நூறு வருஷப் பஞ்சாங்கத்தை எடுத்து ஒவ்வொரு தேதியையும் தமிழ் மாதத்துக்கு மாற்றினேன். நான்கும் மாசி மாதத்து மகா சிவராத்திரியை ஒட்டி விழுந்தன. எங்கள் ஆட்கள் எங்கே இருந்தாலும் குலசாமி கோயிலுக்கு வந்து சேருகிற நாள் அது. போலீஸ் கணக்கில் தலைமறைவு, அவர் கணக்கில் பெட்டி எடுப்புத் திருவிழா.

அதனால் இந்த வகைக் கோப்பைப் படிக்க நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வரியிலும் யார் யாரை என்ன செய்தார்கள் என்பதை முதலில் எழுதிக்கொள்வேன். 'பிடிபட்டான்' என்றால் பிடித்தது யார், எங்கே, அப்போது அவர் கையில் என்ன இருந்தது? 'பிழைப்புக்கு வழி காட்ட முடியாதவன்' என்பது 1898 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 109-ஆம் பிரிவுக்கான வாய்பாடு. அந்தச் சொற்கள் இல்லாவிட்டால் வழக்கே நிற்காது. அதனால் எழுதினார்கள். உங்கள் தாத்தாவுக்குப் பிழைப்பு இருந்ததா என்பதை அந்த வரி சொல்லாது. அதற்கு நிலப் பதிவேட்டில் பட்டாவைப் பார்க்க வேண்டும். எந்த வருஷம் மழை பொய்த்தது, எந்த வருஷம் பஞ்சம் என்று பார்க்க வேண்டும். குறவர் குடும்பங்கள் கழுதையிலும் மாட்டிலும் உப்பும் தானியமும் ஏற்றி ஊர் ஊராக விற்றவர்கள். ரயில் வந்ததும், உப்பு அரசாங்கத்தின் பிடிக்குள் போனதும், காடுகளுக்குச் சட்டம் வந்ததும் அந்தப் பாதைகளை அடைத்தன. எங்கள் ஆட்கள் ஊர்க்காவல் பார்த்துக் கூலி வாங்கியவர்கள். போலீஸ் வந்தபின் அதே காவல் குற்றமாகிவிட்டது. கோப்பு எழுதியவருக்கு இது எதுவும் எழுத வேண்டிய விஷயமாகப் படவில்லை. நாம்தான் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

பழகிக்கொள்ள ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். 1920 ஏப்ரல் 3, பெருங்காமநல்லூர். ரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற கூட்டத்தின்மேல் போலீஸ் சுட்டது. 16 பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் மாயக்காள் என்ற பெண், அடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவர். முதலில் ஊருக்குப் போய் நினைவுத் தூணில் இருக்கும் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். அதன் பிறகு அரசுக் கோப்பையும் அந்த மாதத்துப் பத்திரிகைகளையும் எடுங்கள். மூன்றையும் ஒரு தாளில் மூன்று பத்தியாக, மணி வாரியாக எழுதுங்கள். எந்த இடத்தில் ஒன்று பேசுகிறது, மற்றொன்று மௌனமாகிறது என்று தெரிந்துவிடும். அந்தக் காலத்தில் எங்கள் மக்களுக்காக வாதாடிய மதுரை வக்கீல் ஜார்ஜ் ஜோசப்பையும் இப்படித்தான் தேட வேண்டும். கோப்பில் அவர் பாரிஸ்டர் ஜோசப். ஊரில் ரோசாப்பூ துரை. ஒரு பெயர் மட்டும் தெரிந்தவர் பாதி மனிதரைத்தான் கண்டுபிடிப்பார்.

செட்டில்மென்டுக்குப் போன குடும்பம் என்றால் தேடல் இடம் மாறும். ஆந்திரப் பக்கம் ஸ்டூவர்ட்புரம் சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவ மிஷனின் கையில் இருந்தது. தென்னார்க்காட்டில் அஜீஸ் நகர். மிஷன்கள் நடத்திய இடங்களுக்கு மிஷன் அறிக்கைகளையும் கடிதங்களையும் பார்க்க வேண்டும், குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்த விவரம் அவற்றில் வெளிப்படையாகவே கிடைக்கும். அதைப் படிக்கிற அன்று தனியாகப் போகாதீர்கள்.

கிடைத்ததை என்ன செய்வது? உடனே போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடாதீர்கள். ஒரு பக்கத்தில் உங்கள் தாத்தாவோடு வேறு இருபது வீட்டு ஆட்களின் பெயரும், வழக்கும், ரேகையும் இருக்கும். அவர்களுடைய பேரன் பேத்திகள் இதே ஊரில் இருக்கிறார்கள். அந்த வீட்டில் பெண் பார்க்க வந்திருக்கும் நேரமாகவும் இருக்கலாம். மற்ற வீட்டுப் பெயர்களை மறைத்துவிட்டு உங்கள் பகுதியை மட்டும் வெளியே காட்டுங்கள். மற்றவர்களின் பக்கத்தை அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கையில் கொடுங்கள், அவர்கள் முடிவு செய்யட்டும்.

நான் நகல் எடுக்கும்போது எப்போதும் இரண்டாக எடுப்பேன். அந்த ரிஜிஸ்டரில் பெரியம்மாவின் அப்பா பெயரும் இருந்தது. நகலைக் கொண்டுபோனபோது அவருக்கு எழுத்து தெரியாது என்பதால் தேதிகளைப் படித்துக் காட்டச் சொன்னார். போன ஊர், திரும்பிய நாள், எல்லாம் படித்தேன். ரேகை இருந்த கட்டம் வந்ததும் நிறுத்தச் சொல்லி, தன் கட்டைவிரலை அதன்மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.